காஞ்சனாபுரி போர் அருங்காட்சியகங்களில் அம்மாவுடன் ஒரு நாள்

என் தாத்தாவின் அண்ணன் மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடப் போனவர் திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே. ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அம்மாவுக்கு அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. ஆகவே சென்ற ஆண்டு அவரை அழைத்துக்கொண்டு தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குச் சென்று வந்தேன்.

முதலில் பார்த்தது ஆற்றங்கரையில், வாட் சாய்சும்போன் என்ற பௌத்த ஆலய வளாகத்துக்குள் இருக்கும் ஜீத் போர் அருங்காட்சியகம். 1977இல் அவ்வாலயத்தின் தலைமைத் துறவி தொடங்கியது. போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்த நீண்ட மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டியிருக்கிறார்கள். இருபுறமும் மூங்கில் பரண்கள், நடுவில் குறுகலான நடைபாதை, சுவரெங்கும் பழைய படங்கள். எலும்பும் தோலுமாக நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா, பரணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க படம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அன்று முழுவதும் எங்களோடு வந்தது அந்தக் கேள்விதான்.

அதற்கான விடையின் பெரும்பகுதி, 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையத்தில் கிடைத்தது. நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பர்மாவில் போரிட்ட தம் படைகளுக்குத் தளவாடம் அனுப்புவதற்காக, 415 கிலோமீட்டர் பாதையை, காட்டையும் பாறையையும் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே வெட்டி, 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர்கள் முடிக்கவைத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் பிழைப்பற்றுக் கிடந்தவர்களிடம் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். ஆள் கிடைக்காதபோது பிடித்துப் போனார்கள்.

இவ்வளவு பேர் இறந்தும் பெயர்கள் ஏன் இல்லை என்பது அங்கே நின்று யோசித்தபோது எனக்குத் தெளிவாயிற்று. போர்க்கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தார்கள், இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எந்த முகாமில் எந்நோயால் இறந்தார் என்பதை அவர்கள் மறைவாகவேனும் எழுதிவைத்தார்கள். தோட்டத்திலிருந்து மனைவி மக்களோடும்கூடப் போனவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அவர்களுடைய முகாம்களில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். எழுதிவைப்பதற்கு ஆள் இல்லாததால் கணக்கும் இல்லாமற்போனது.

எதிரே இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த பலகைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று வயதுகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்காகவும் அவர் கண்கலங்கினார். அந்தப் பராமரிப்பை நான் குறைசொல்லவில்லை. இறந்தவர்களை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மவர்களுக்கும் அது வாய்த்திருக்கலாமே என்ற ஏக்கம்தான்.

குவாய் ஆற்றின் மேலுள்ள ரயில் பாலத்துக்கு அருகில் 1944இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று உண்டு. அதில் பதித்த பலகைகளுள் ஒன்று தமிழில் இருக்கிறது. பாலத்தில் படமெடுக்கும் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வேலை வாங்கியவர்களே எழுதிவைத்த தமிழ் அது என்பதால், அதை வாசிக்கையில் என்ன உணர்வது என்றே எனக்கு விளங்கவில்லை.

மாலையில் கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள வாட் தாவோர்ன் வராராம் ஆலயத்துக்குப் போனோம். தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023இல் அங்கே ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அம்மா கைப்பையிலிருந்து சூடம் எடுத்து ஏற்றி, பெரியப்பாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இருமுறை சத்தமாகச் சொன்னார். பிறகு அங்கேயே தரையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

போகிறவர்கள் நடுகல்லையும் தமிழ்ப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் பார்த்த பயணக் குழுக்கள் எதுவும் அங்கே நிற்கவில்லை. உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர்கள் உண்டென்றால், பெயரும் தோட்டமும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊர் திரும்பியதும் முதலில் செய்தது அதைத்தான்.