கேத்தி ஸ்டேஷனுக்குப் போறோம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். ‘மூன்றாம் பிறை’ (1982) படத்து மேல உயிரையே வச்சிருக்கிற காட்பாடி பழைய கூட்டாளிங்க எல்லாரும் சேர்ந்து ஊட்டி பக்கத்துல இருக்கிற கேத்தி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போறோம். மழையில சீனு (கமல்) ரயில் ஜன்னலோரமா ஓடி, விஜிக்கு (ஸ்ரீதேவி) ஞாபகம் வராதான்னு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுவாரே, அந்த ஸ்டேஷன்தான்! இன்னிக்கும் பார்த்தா தொண்டை அடைச்சிக்கும்.

காட்பாடியில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மேட்டுப்பாளையம் போயிடுவோம். அங்கிருந்து மலை ரயில்ல கும்பலா டிக்கெட் கிடைக்கறது குதிரைக்கொம்பு. குன்னூர் வரைக்கும் வேன்ல போய், அங்க ரயில் பிடிச்சு கேத்தியில இறங்கலாமா? மூட்டுவலிக்காரங்களும் வர்றாங்க, ஏறி இறங்க சிரமமா இருக்குமா? நீலகிரிக்கு வண்டி வர்றதுக்கான இ-பாஸோட வர்ற நம்பிக்கையான வேன்காரர், அந்த ஷூட்டிங்கை நேர்ல பார்த்த ஊட்டிக்காரங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.