தமிழ் வசன வரிகள் படத்தை முந்தி ஓடுகின்றன

1954இல் ராபர்ட் வைஸ் இயக்கிய ‘எக்ஸிக்யூட்டிவ் சூட்’ படத்தை ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். ஒரு மரச்சாமான் கம்பெனியின் தலைவர் தெருவில் விழுந்து இறந்துவிட, அந்த நாற்காலிக்கு நடக்கும் இழுபறிதான் கதை. அப்பாவுக்குக் காது மந்தம். வசன வரிகள் இல்லாமல் முடியாது.

படம் 104 நிமிடம், நான் வைத்திருப்பது அமெரிக்க டிவிடி. தமிழ் வரிகள், நண்பர் ஐரோப்பிய டிவிடியைப் பார்த்து எழுதிய எஸ்ஆர்டி கோப்பு (ஒவ்வொரு வரியும் திரையில் வரும் நேரத்தோடு இருக்கும் எழுத்துக் கோப்பு). தொடக்கத்தில் பொருந்துகிறது. பாதிப் படத்தில் இரண்டு நிமிடம் முந்துகிறது, முடிவில் நான்கு நிமிடம். வில்லியம் ஹோல்டன் மட்டமான மேசையின் காலைப் பிடுங்கி எறியும் காட்சிதான் படத்தின் உயிர். அவர் மேசையைத் தொடும் முன்பே யார் ஜெயித்தார் என்பது திரையில் வந்துவிடுகிறது!

விண்டோஸ் மடிக்கணினியில் விஎல்சி பிளேயர். எச் விசையை அழுத்தி வரிகளைத் தாமதப்படுத்தினேன்: நடுப்பகுதி சரியானது, தொடக்கம் கெட்டது. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தேன், பிளேயரை நீக்கி மறுபடி நிறுவினேன், பயனில்லை. கையால் இருபது வரிகளைத் திருத்தியதும் கண் பூத்துவிட்டது. (பின்னணி இசை கேட்கவில்லையே என்று ஒலிபெருக்கியையும் கழற்றிப் பார்த்தேன். படத்தில் இசையே கிடையாதாம், அது வேறு கதை.)

மொத்தக் கோப்பின் நேரக் குறிப்புகளையும் ஒரே விகிதத்தில் நீட்ட எந்த இலவச மென்பொருளில், எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?