மறு: ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டுக்கு தமிழ்ல என்ன?

வணக்கம்,

> பாடப்புத்தகத்துல ஃபங்ஷன் செயற்கூறு, ஆப்ஜெக்ட் பொருள், ரெண்டையும் ஒட்டி செயற்கூறுப்பொருள்னு வெச்சுக்கலாமே

ஒட்டலாங்க, வாய்ல நுழையணுமே. அதோட ‘பொருள்’னாலே பசங்க அர்த்தம்னு எடுத்துக்குவாங்க.

ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்ங்கிறது ஒரு செயலையே இன்னொரு ஃபங்ஷன் கையில குடுக்குற மாதிரி ஒரு பொருளாக்கினது. இது எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. சி++ங்கிற நிரல்மொழில அக்யுமுலேட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, எண்களை ஒவ்வொண்ணா எடுத்து சேர்த்துக்கிட்டே போகும், சும்மா விட்டா கூட்டும். அதையே பெருக்கச் சொல்லணும்னா பெருக்கல் குறியை அப்படியே தூக்கி ஆர்க்யுமென்ட்டா (ஃபங்ஷனுக்கு உள்ள அனுப்புற மதிப்பா) குடுக்க முடியாது, மல்டிப்ளைஸ்னு ஒரு ஆப்ஜெக்ட்டாக்கித்தான் அனுப்பணும் (தொடக்க மதிப்பு 1 வைங்க, 0 வெச்சுட்டு விடை ஏன் 0ன்னு ராத்திரி முழுக்க முழிச்சவன் சொல்றேன்).

நம்ம இலக்கணத்துலயும் இதேதான். ‘வகு’ ஏவல், அதுல ஐ உருபு ஏறாது. ‘வகுத்தலைக் குடு’ன்னா சரியா வருது. வினையைப் பெயராக்கினாத்தான் இன்னொருத்தர் கையில குடுக்க முடியும். தொழிற்பெயர்ங்கிற சொல்லை இலக்கணக்காரங்க ஏற்கெனவே எடுத்துட்டாங்க, அதனால என் ஓட்டு ‘வினையுரு’வுக்கு. தனித்தனி பேரு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், நிகேட்டுக்கு (5ஐ -5 ஆக்குறது) குறிமாற்றல். வகுத்து மீதி எடுக்குற மாடுலஸ்தான் உதைக்குது, ‘மீதி’ன்னா கிடைக்கிற விடை ஆயிடுது, செயல் இல்ல, மீதிகாணல்னு வைக்கலாமா?

பிளஸ், மல்டிப்ளைஸுக்கு கூட்டி, பெருக்கின்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பெருக்கி ஏற்கெனவே ஆம்ப்ளிஃபையர், அதோட கூட்டிப் பெருக்கினா வீடுதான் சுத்தமாகும் 🙂

இங்கிலீஷ்லயும் ஒண்ணும் ஒழுங்கு கிடையாது, பிளஸ் மைனஸ்னு ஆரம்பிச்சு மல்டிப்ளைஸ் டிவைட்ஸ்னு தாவி நிகேட்ல முடியுது. மல்டிப்ளைஸுக்கு முதல்ல டைம்ஸ்னுதான் பேரு, யூனிக்ஸ் இயங்குதளத்தோட ஹெடர் கோப்பு ஒண்ணுல அதே பேரு இருந்து இடிச்சுது, மாத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். அங்கேயே இப்படின்னா நாம நாலு நாள் சண்டை போடுறதுல தப்பே இல்ல.

2011லயே லாம்ப்டா (பேரு வைக்காம அங்கேயே எழுதுற ஃபங்ஷன்) வந்துடுச்சே, இது எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: லாம்ப்டா எழுதினா கம்பைலர் (நிரலை மெஷின் மொழிக்கு மாத்துறது) உள்ளுக்குள்ள செய்றதும் ஒரு வினையுருதான்.

இன்னொண்ணு பாக்கி. முழு எண்ணுன்னு வகையை (டைப்) கட்டிப்போட்ட கூட்டல்ல 2.5ம் 2.5ம் சேர்ந்தா 4 வரும், பின்னம் உதிர்ந்துடும். சி++ 2014 தரத்துல வகையை எழுதாம வெறும் <> அடைப்பா விடலாம், அப்ப 5. இந்த ரெண்டாவதுக்கு ‘வகைதுறந்த கூட்டல்’னு வெச்சா சாமியார் மாதிரி இருக்குன்னு வீட்ல சிரிக்கிறாங்க. வேற யாராவது சொல்லுங்க.