நீலக் கேசட்டும் பாட்டியின் மைக்கும்

நித்யா: பெரியப்பா, அந்த நீலக் கேசட்டை இன்று ஓட்டிப் பார்த்தேன். பாட்டியின் பாட்டு ஒன்றரைதான் இருக்கிறது. அப்புறம் முழுக்கக் கிரிக்கெட் வர்ணனை.

பெரியப்பா: யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

ரவி சித்தப்பா: முப்பது வருடமாக இதே வழக்கு

மாலதி அத்தை: மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிவாகாது என்று அப்பா உடைத்து வைத்திருந்தாரே?

ரவி சித்தப்பா: ஓட்டையில் செலோடேப் ஒட்டினேன் அக்கா

மாலதி அத்தை: அடப்பாவி

நித்யா: சரி விடுங்கள். பாட்டிக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதம். அதற்குள் பதினைந்து பாட்டாவது வீட்டிலேயே பதிவு செய்துவிட வேண்டும். கார்த்தி, என்ன மைக் வாங்கலாம்?

மாலதி அத்தை: அவனிடமா கேட்டாய், முடிந்தது

கார்த்தி: மைக்குக்கு முன்னால் அறையைப் பார். கூடத்தில் கை தட்டினால் டங்கென்று திரும்பி வரும், அது பாட்டோடு பதிந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் முழுதாக எடுக்க முடியாது. துணி அலமாரி இருக்கும் அறையில் தட்டிப் பார், சத்தம் அங்கேயே அடங்கிவிடும். அங்கேதான் பாட வேண்டும். அடுத்தது மைக். கண்டென்சர் வகை என்றால் கமகம், மூச்சு, எல்லாம் நுணுக்கமாக விழும், கூடவே ஃபேன், பிரிட்ஜ், ரவி மாமாவின் டிவியும் விழும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், ஃபாண்டம் பவர் என்பார்கள், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து மைக் வயர் வழியாகவே போகும். டைனமிக் வகை மைக்குக்கு அது வேண்டாம் (ஷூர் எஸ்எம்58 மாதிரி, 1966இல் வந்தது, இன்னும் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது). சுற்றுச் சத்தமும் குறைவாகத்தான் விழும். ஆனால் நாலு விரல் தூரத்தில் பாட வேண்டும். பாட்டியோ தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறவர்.

ரவி சித்தப்பா: டிவிக்கும் நான்தானா

பெரியப்பா: சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமே.

கார்த்தி: பிரயோஜனமில்லை பெரிய மாமா, மெலிசு. கனமான கம்பளி, மெத்தை இருந்தால் போதும்

பிரவீன்: போன் போதாதா

கார்த்தி: ஒன்றும் இல்லாததற்குப் போன் மேல். ஆனால் பல போன்கள் மெதுவாகப் பாடினால் தாமாகவே ஏற்றும், உரக்கப் பாடினால் இறக்கும். ஏற்ற இறக்கமே போய்விடும்.

பிரவீன்: யுஎஸ்பி மைக் வாங்கலாம். கேமுக்கும் ஆகும்

மாலதி அத்தை: அதானே பார்த்தேன்

கார்த்தி: ஒரே குரல் என்றால் யுஎஸ்பி மைக் மோசமில்லை. நேரே கம்ப்யூட்டரில் செருகலாம், தனிப் பெட்டி வேண்டாம்.

பெரியப்பா: ஒரே குரல் எப்படி? நான் ஆர்மோனியம் வாசிப்பேன்.

மாலதி அத்தை: அம்மா கேட்டார்களா?

பெரியப்பா: கேட்க வேண்டியதில்லை.

கார்த்தி: அப்படியானால் கதையே வேறு. இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒவ்வொன்றும் தனித் தடத்தில் விழும், அப்புறம் ஆர்மோனியத்தை மட்டும் குறைக்கலாம்.

ரவி சித்தப்பா: குறைக்க முடியும் என்றால் உடனே வாங்கு

பெரியப்பா: ரவி, நீ பேசாதே.

நித்யா: சுருதியைப் போனில் வைத்தால் அதுவும் பதிவாகுமே?

கார்த்தி: ஆகும். காதை மூடும் வயர் ஹெட்போனில் சுருதி கேட்கட்டும். புளூடூத் வேண்டாம், தன் குரலையும் அதில் கேட்டால் தாமதமாக வரும், தாளம் போய்விடும். பதிவு சாஃப்ட்வேரில் தரத்தை 24 பிட்டில் வை. மேல் ஸ்தாயியிலும் மீட்டரில் சத்த அளவு -12 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒரு தடவை பிசிறிவிட்டால் சரி செய்ய முடியாது.

மாலதி அத்தை: அம்மா ஹெட்போன் போடமாட்டார்கள். காதுக் கருவிக்கே சண்டை

கார்த்தி: ஒரு காதில் மட்டும் போடச் சொல்லலாம், மற்றது திறந்திருக்கட்டும்

நித்யா: பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறார். ஆர்மோனியம் இருந்தால் பாடமாட்டேன் என்கிறார்

பெரியப்பா: நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

பிரவீன்: அப்போ யுஎஸ்பி?

மாலதி அத்தை: அண்ணன் பேசி முடிக்கட்டும்

நித்யா: எதை வாங்கினாலும் கார்த்தி ஞாயிற்றுக்கிழமை தன் மைக்கை எடுத்து வரட்டும், அந்த அறையில் ஒரு பாட்டு எடுத்துப் பார்ப்போம்

ரவி சித்தப்பா: ஞாயிறு வேண்டாம், மேட்ச் இருக்கிறது

நித்யா: சித்தப்பா!!