சித்தி அனுப்பிய ஃபார்வர்டும் 1258-ம்

*குழு: கீழவீதி குடும்பம்*

சித்தி (காலை 10:52)
*பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது*
1258-ல் மங்கோலியர் பாக்தாத் நூலகங்களின் புத்தகங்களை டைக்ரிஸ் ஆற்றில் வீசினர். ஆறே மையால் கறுத்து ஓடியது!! உலகம் அறிவை இழந்த நாள். பகிரவும் 🙏

கயல்
ஆரம்பிச்சாச்சா சித்தி 😄 பெரியப்பா வருவார் பாருங்க

பெரியப்பா
வந்துட்டேன். ஊரைச் சூறையாடினது நிஜம், கூட்டங்கூட்டமா ஜனங்களை வெட்டினதும் நிஜம். ஆறு கறுத்தது பின்னாடி சேர்த்த மசாலா. மங்கோலியப் படையை நடத்தி வந்த ஹுலாகு கூடவே நசீருத்தீன் தூசின்னு ஒரு வானியல் அறிஞர் இருந்தார். 1259-ல ஈரான்ல இருக்கற மராகாவுல வானாய்வுக்கூடம் ஆரம்பிச்சப்ப பாக்தாத் புத்தகங்களும் அங்க போய்ச் சேர்ந்துச்சு.

சித்தி
அப்ப பாக்தாத்தை ஆண்ட கலீபாவை விட்டுட்டாங்களா மாமா?

பெரியப்பா
எங்க விட்டாங்க. முஸ்தஸிம் பிப்ரவரி 10 சரணடைஞ்சார், பத்தே நாள்ல கதை முடிஞ்சுது. அரச ரத்தம் மண்ணுல சிந்தக்கூடாதுங்கறது மங்கோலியர் வழக்கம். அதனால கம்பளத்துல சுருட்டிக் குதிரையை விட்டு மிதிச்சாங்கன்னு சொல்றது உண்டு. மார்க்கோ போலோ வேற மாதிரி சொல்றார். தங்கத்தோட சேர்த்துப் பூட்டி, பட்டினி போட்டே கொன்னாங்களாம்.

அம்மா
சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் படிக்கணுமா நான்

கயல்
மங்கோலியரை யாருமே அடிக்கலையா பெரியப்பா அந்த வருஷம்?

பெரியப்பா
ஏன் இல்ல, வியட்நாம்காரன் அடிச்சான். பாக்தாத்தைச் சுத்தி வளைச்ச அதே ஜனவரி கடைசியில. தாங் லாங், அதாவது இப்ப ஹனோய், மொத்த ஊரையும் காலி பண்ணிட்டு ராஜா ட்ரான் தாய் தோங் ஒதுங்கிட்டார். உள்ள நுழைஞ்சவனுக்குச் சோறு இல்ல. அப்புறம் டோங் போ டாவ்ங்கற இடத்துல திருப்பி அடிச்சுத் துரத்தினாங்க. இதை ஒருத்தனும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

செந்தில் அண்ணா (பகல் 12:20)
இங்க இப்பதான் விடிஞ்சுது. லண்டன்ல 1258-ன்னா ராஜாவோட அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட ஆக்ஸ்ஃபோர்ட் ஏற்பாடுகள்தான்பா. இங்கிலாந்து ராஜா மூணாம் ஹென்றி சின்ன மகன் எட்மண்டுக்கு சிசிலி சிம்மாசனம் வேணும்னு போப்புக்குப் பெரும் தொகை தர ஒத்துக்கிட்டு மாட்டிக்கிட்டார். பிரபுக்கள் விடல. 15 பேர் ஆலோசனை சபை, வருஷத்துக்கு மூணு தடவை பார்லிமென்ட்டுன்னு எழுதி வாங்கிட்டாங்க.

பெரியப்பா
அந்த சிசிலி கிரீடத்தை ஆகஸ்ட்ல பாலெர்மோவுல, அங்க ஏற்கெனவே ஆட்சியைக் கையில வெச்சிருந்த மான்ஃபிரெட் எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டான். ஹென்றிக்குக் கடன்தான் மிச்சம் 😂

கயல்
அந்த வருஷம் லண்டன்ல பஞ்சமும்தானே. அதுக்கு சமாலாஸ் எரிமலையும் ஒரு காரணம்னு சொல்றாங்க. 1257-ல இந்தோனேசியாவோட லொம்போக் தீவுல வெடிச்சது. கிரீன்லாந்து, அன்டார்க்டிகா ரெண்டு இடத்துலயும் பனியைத் துளைச்சு எடுத்தப்ப அந்தக் காலத்துப் படிவுல கந்தகம் எக்கச்சக்கம். எந்த மலைன்னுதான் ரொம்ப வருஷமா பிடிபடல. 2013-லதான் சமாலாஸ்னு சொன்னாங்க. அதுக்குத் துணை நின்னது ஓலைச்சுவடி! பாபாட் லொம்போக்னு, பழைய ஜாவா மொழியில. மலை சரிஞ்சு பமத்தான்ங்கற நகரம் அழிஞ்சதை அதுல எழுதியிருக்கு. மலை இருந்த இடத்துல இப்ப ஏரி.

சித்தி
அங்க வெடிச்சதுக்கு இங்கிலாந்துல ஏன்டி பஞ்சம்?

கயல்
கந்தகம் மேல போய் உலகத்தைச் சுத்திப் படர்ந்து வெயிலை மறைச்சிடும் சித்தி. குளிர்ல பயிர் வராது.

பெரியப்பா
மேத்யூ பாரிஸ்னு செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி எழுதி வெச்சிருக்கார். வசந்தம் வந்தும் வாடைக்காத்து ஓயல, செடி தலைதூக்கலன்னு. ஜெர்மனியிலேர்ந்து கப்பல்ல தானியம் வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. ஆனா கயலு, எல்லாத்தையும் எரிமலை தலையில கட்டாதே. 1257-லயே அங்க மழையில விளைச்சல் கெட்டுப்போச்சு. ஹுலாகு கிளம்பினது 1253-ல, அவனுக்கும் உன் மலைக்கும் சம்பந்தமே இல்ல.

சித்தி
நம்ம பக்கம் என்ன நடந்துச்சு மாமா?

பெரியப்பா
சடையவர்மன் சுந்தரபாண்டியன் காலம்மா. சோழன் ஒடுங்கிட்டான். சிதம்பரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பொன் வேய்ஞ்சது இவர்தான்.

கயல்
பாரசீகக் கவிஞர் சாதி எழுதின ‘குலிஸ்தான்’ புத்தகமும் 1258 தானே?

பெரியப்பா
ஆமா, ஈரான்ல இருக்கற ஷிராஸ்ல. அந்த ஊர் மங்கோலியருக்குக் கப்பம் கட்டித் தப்பிச்சுது. கலீபாவுக்காக அரபியில இரங்கல் பாட்டு எழுதினதும் சாதிதான். புத்தகத்தைச் சமர்ப்பிச்சது மட்டும் கப்பம் கட்டின அரண்மனைக்கு.

செந்தில் அண்ணா
பிழைக்கத் தெரிஞ்ச மனுஷன்

சித்தி
அப்படிப் பேசாத செந்திலு. ஊர்ல புள்ளகுட்டிங்க இருக்குமில்ல.