காது இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

அமெரிக்க ஜாஸ் நிறுவனமான பிளூ நோட்டின் பழைய எல்பி வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது, டிரம்பெட் கலைஞர் லீ மோர்கனின் 'தி சைட்விண்டர்' மாதிரி நன்றாக விற்ற தட்டுகளில்தான். அட்டவணை எண் பிஎல்பி 4157. லேபிளில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்றிருக்கும். அட்டையும் பளபளவென்று இருக்கும். விற்பவர் 'முதல் பிரஸ்ஸிங்' (ஆல்பம் வெளிவந்தபோதே அடித்த பிரதி) என்று போட்டிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, லேபிளோடு நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

1965-இல் பிளூ நோட் லிபர்ட்டி கம்பெனிக்குக் கைமாறியது. 1966-இல் தட்டு அடிக்கும் ஆலையும் மாறியது. ஆனால் பழைய லேபிள் காகிதம் கட்டுக்கட்டாகக் கையிருப்பில் இருந்தது. அது தீரும்வரை புது ஆலைகளில் பழைய லேபிளோடே தட்டு வந்தது. ஆகவே லேபிளை விட்டுவிட்டு, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் வெற்று வளையத்துக்கு வாருங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தட்டையொட்டிச் சாய்வாகப் பிடித்து, தட்டை மெதுவாகச் சுற்ற வேண்டும். கூட்டெழுத்து 'பி' ஒன்று, பார்ப்பதற்கு மனிதக் காது போலவே, சின்னதாகத் தெரியும். அது நியூ ஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை. காது இருந்தால் தட்டு அந்த ஆலை மாற்றத்துக்கு முந்தியது. இல்லையென்றால் லேபிள் என்ன சொன்னாலும் பிந்தியது. சில பிரதிகளில் மங்கலாக விழுந்திருக்கும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். காது இல்லை என்றதும் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதே வளையத்தில் இன்னொரு குறியும் இருக்கும். ஐம்பதுகளில் கையால் கீறிய 'ஆர்விஜி', பிறகு அச்சால் குத்திய 'ஆர்விஜி', அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து முழுசாக 'வான் கெல்டர்'. ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டர், லாக்கர் தட்டை (பள்ளம் முதலில் வெட்டப்படும் மூலத் தட்டு) தானே வெட்டி முடித்ததும் போட்ட அடையாளம் அது. லாக்கரிலிருந்து உலோக நகல், அதிலிருந்து தாய்த்தட்டு, அதிலிருந்து தட்டை அடிக்கும் ஸ்டாம்பர் என்று இறங்கும்போது லாக்கரில் இருப்பதெல்லாம் கூடவே வரும். காது அப்படியல்ல, ஆலைக்காரர்கள் தங்கள் கட்டத்தில் சேர்த்தது.

லிபர்ட்டி பல தலைப்புகளுக்குப் பழைய உலோகப் பாகங்களையே பயன்படுத்தியது. எனவே 'எ டிவிஷன் ஆஃப் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ்' என்று லேபிளில் இருந்து, வளையத்தில் வான் கெல்டர் குறியும் இருந்தால், முதல் பிரஸ்ஸிங்கில் இருக்கும் அதே வெட்டுத்தான் கையில் இருக்கிறது. விலையோ அதில் ஒரு பங்கு. காசைக் கேட்பதற்காகச் செலவழிப்பவர் தேட வேண்டியது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: மோனோவாக மட்டும் பதிவான பழையவற்றை லிபர்ட்டி காலத்தில் மின்னணு முறையில் செயற்கை ஸ்டீரியோவாக்கி விற்றார்கள். 'எலக்ட்ரானிகலி ரீசானல்ட்' என்ற வரி அட்டையிலோ லேபிளிலோ இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். டிரம்பெட் ஒரு பக்கம் தகரமாகவும் மறுபக்கம் போர்வைக்குள்ளிருந்தும் கேட்கும்.

* * *

லேபிளில் அச்சான கம்பெனி முகவரியை வைத்துக் காலம் பார்க்கும் கணக்கு, வரிசையாக: 767 லெக்ஸிங்டன் அவென்யூ (12 அங்குலத் தட்டுகளின் தொடக்கம்), 1957-இலிருந்து 47 வெஸ்ட் 63, 1962 வாக்கில் நியூயார்க் யுஎஸ்ஏ, 1966-இல் லிபர்ட்டி. அட்டையில் 43 வெஸ்ட் 61 என்றும் உள்ளே லேபிளில் 47 வெஸ்ட் 63 என்றும் இருந்தால் பதற வேண்டாம், அது சகஜம்.

சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'பிளூ டிரெயின்' (பிஎல்பி 1577) இதற்கு நல்ல பாடம். பதிவு 1957 செப்டம்பர் 15. ஆனால் லேபிளின் கம்பெனிப் பெயரில் 'இன்க்' என்ற சொல்லும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் வந்தது 1959 வாக்கில். ஆகவே 47 வெஸ்ட் 63 முகவரி இருந்தும் இந்த இரண்டும் கூட இருந்தால் அது முதல் பிரஸ்ஸிங் இல்லை, பின்னால் அடித்தது. காது இருக்கும், ஆர்விஜி இருக்கும், கேட்கவும் அருமையாக இருக்கும். முதல் பிரஸ்ஸிங்குக்கான விலை மட்டும் கொடுக்கக்கூடாது.

'டீப் குரூவ்' பற்றி ஏலத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். லேபிளின் மேல் சுமார் 7 செ.மீ. விட்டத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு அழுந்திய வளையம் அது. இசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அழுத்தும் இயந்திரத்தின் அச்சு விட்ட தடம். 1961 வாக்கில் பிளாஸ்டிலைட் அச்சுகளை மாற்றத் தொடங்கியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை, பழைய அச்சு ஒன்றிரண்டு பிறகும் ஓடின. அதனால் 1963-ஆம் வருடத் தலைப்பில் ஒரு பக்கம் மட்டும் வளையம் இருக்கும் பிரதியும் உண்டு, வளையமே இல்லாத முதல் பிரஸ்ஸிங்கும் உண்டு. ஐம்பதுகளின் தலைப்பில் வளையம் இல்லையென்றால்தான் அது செய்தி.

* * *

காது, வளையம், முகவரி எல்லாம் சரி. தேய்ஞ்ச தட்டுல காது இருந்து என்ன கேட்கப் போகுது?

அந்தக் காலத்து கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்குற பாகம்) 5 கிராமுக்கு மேல அழுத்தும். இப்போ நாம வைக்கிறது 2 கிராம் பக்கம். கீறலே இல்லாம கண்ணாடி மாதிரி மின்னுற தட்டு, டிரம்பெட் உச்சிக்குப் போனதும் கரகரன்னு உடையும். சுத்தம் பண்ணினா போகாது, பள்ளத்தோட சுவரே போயிடுச்சு. தேய்மானம் முதல்ல தெரியுறது உள்வட்டத்துலதான். 33⅓ வேகத்துல வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில நொடிக்கு 51 செ.மீ. ஓடுது, லேபிள் பக்கம் வந்தா 21 செ.மீ.தான். அதே ஓசை பாதிக்கும் குறைவான நீளத்துல நெருங்கி உட்காருது. அதனால கடையில கேட்க விட்டா முதல் பாட்டைக் கேட்காதீங்க. ஒவ்வொரு பக்கமும் கடைசி 2 நிமிஷம், ஊதல் சத்தமா வர்ற இடம், அங்க ஊசியை வைங்க.

ஆன்லைன்ல தட்டோட நிலைக்கு 'விஜி பிளஸ்' (ரொம்ப நல்ல நிலை) மாதிரி தரம் போடுவாங்க. அங்க ஒரே கேள்வி: "விஜி பிளஸ்னு போட்டது பார்த்தா, கேட்டா?" பதில் இழுத்தா விட்டுடுங்க.

* * *

தேய்மானம் என்று நினைப்பதில் ஒரு பங்கு ஊசியின் கோளாறு. பழைய மோனோ பள்ளம் 25 மைக்ரான் ஊசிக்காக வெட்டியது. ஸ்டீரியோவின் சாதாரண ஊசி 18 மைக்ரான், சுவரில் இன்னும் கீழே உட்காரும். அதனால் ஒரே தட்டு ஓர் ஊசியில் இரைச்சலாகவும் இன்னொன்றில் அமைதியாகவும் இருக்கலாம். மோனோ கார்ட்ரிட்ஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மோனோவில் இசை முழுக்கப் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. தூசி, சொரசொரப்பு, சின்ன டிக் சத்தம் எல்லாம் பாதிக்குப் பாதி மேலும்கீழுமான அசைவு. இரு சானலையும் கூட்டும்போது அந்த மேல்கீழ் பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். காசில்லாத மருந்து. ஆனால் அந்தக் காலத்து மோனோ கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் ஊசி மேலும்கீழும் வளைந்துகொடுக்காது. அதில் ஸ்டீரியோ தட்டைப் போட்டால் தட்டு பாழ்.

* * *

பிளூ நோட்டிலேயே நிற்கிறோம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் பிளூ' பற்றிக் கேட்பவர்கள் அதிகம், அதையும் சொல்லிவிடலாம். கொலம்பியா கம்பெனி வெளியீடு, 1959 ஆகஸ்ட். மோனோ சிஎல் 1355, ஸ்டீரியோ சிஎஸ் 8163. லேபிளில் கண் போன்ற சின்னம் ஆறு இருந்தால் அந்தக் காலத்தது. 1962-க்குப் பிறகு இரண்டு கண்தான். ஆரம்பப் பிரதிகளில் இரண்டாம் பக்கத்தின் இரு பாடல் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருக்கும்.

வளையத்தில் எண்ணின் வாலில் இருக்கும் 1ஏ, 1பி போன்றவை எந்த லாக்கர் என்பதைச் சொல்கின்றன. 1ஏ என்றால் எல்லாவற்றுக்கும் முந்தியது என்று விலை ஏற்றுகிறார்கள். கொலம்பியா ஒரே சமயத்தில் பல லாக்கர் வெட்டி வெவ்வேறு ஆலைகளுக்கு அனுப்பியது. 1டி தட்டும் அதே வாரத்தில் இன்னோர் ஊரில் அடித்ததாக இருக்கலாம்.

இந்தத் தட்டில் மறுபதிப்பு அசலை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. மார்ச் 2-ஆம் தேதி ஒலிப்பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் சுருதி சற்று ஏறிப்போயின. 1992 மறுபதிப்பில்தான், சரியான வேகத்தில் ஓடிய இன்னோர் இயந்திரத்தின் டேப்பை எடுத்து இதைத் திருத்தினார்கள். கூடவே வாசித்துப் பழகும் ஆளுக்கு அசல் தட்டு தொல்லை. ஆனால் 33 வருடம் உலகம் கேட்டது அந்த ஏறிய சுருதியைத்தான்.

* * *

மறுபதிப்பு வாங்கும்போது '180 கிராம்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். எடை என்பது பிளாஸ்டிக்கின் அளவு. கேட்க வேண்டியது இரண்டு: எதிலிருந்து வெட்டியது, யார் வெட்டியது.

கடைகளில் குவிந்திருக்கும் மலிவு ஜாஸ் எல்பிகளுக்குக் காரணம் ஐரோப்பியச் சட்டம். அங்கே ஒலிப்பதிவுக்கான உரிமை 50 ஆண்டாக இருந்தது. 2013-இல் 70 ஆக்கினார்கள், ஆனால் 1962 வரை வெளிவந்தவை அதற்குள் பொதுச்சொத்தாகியிருந்தன. யாரும் அடிக்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஒரிஜினல் டேப் அவர்களிடம் இருக்காது, பெரும்பாலும் சிடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அட்டையில் பொறியாளர் பெயரே இல்லையென்றால் இந்த ரகம் என்று சந்தேகப்படலாம்.

பிளூ நோட்டே வெளியிடுவதில் இப்போது இரண்டு வரிசை. 2019-இல் தொடங்கிய டோன் பொயட், ஜோ ஹார்லி மேற்பார்வையில் வருவது. அமெரிக்காவில் ஆர்டிஐ ஆலையில் அடிக்கிறார்கள், தடித்த மடிப்பு அட்டை. அடுத்த வருடம் வந்த கிளாசிக் வினைல், ஜெர்மனியில் ஆப்டிமல் ஆலை, சாதா அட்டை, விலை குறைவு. இரண்டையும் வெட்டுவது கெவின் கிரே. வளையத்தில் 'கேபிஜி அட் சிஏ' என்று அவர் குறி இருக்கும். அட்டைக்கு ஆசைப்படாதவருக்குக் கிளாசிக் வரிசை போதும் என்பது என் கட்சி. வெர்வ், இம்பல்ஸ் என்ற ஜாஸ் நிறுவனங்களின் தலைப்புகளுக்கு அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை, ஒஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) பெயரில் 2023 முதல் கிராஃப்ட் நிறுவனம் வெளியிடுபவை, இவையும் நம்பி வாங்கலாம்.

'முழு அனலாக்' (நடுவே டிஜிட்டலே இல்லை) என்ற சொல்லையும் சற்றுத் தள்ளிவைத்தே பாருங்கள். 2022-இல் மொபைல் ஃபிடிலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஎஸ்டி டிஜிட்டல் படி இருந்தது வெளியாகி, விஷயம் வழக்குவரை போனது. இத்தனை வருடம் அதே தட்டுகளைப் புகழ்ந்த காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு கதை.

அசலா மறுபதிப்பா என்ற சண்டைக்கு வான் கெல்டரின் வேலைமுறை தெரிந்தால் பாதி பதில் கிடைக்கும். அன்றைய வீட்டுக் கருவிகளில் ஊசி துள்ளாமல் ஓட வேண்டும், சத்தமும் தூக்கலாக இருக்க வேண்டும். அதற்காக அவர் வெட்டும்போதே அடிக்குரலைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தை நெருக்கி, நடுவை முன்னால் தள்ளினார். டிரம்பெட் முகத்துக்கு நேராக வந்து நிற்பது அதனால்தான். இன்றைய வெட்டு டேப்பில் இருப்பதை அப்படியே விடுகிறது. பாஸ் கம்பி அதிர்வது கேட்கும், அந்த முகத்துக்கு நேரான அடி இருக்காது.

* * *

புதுத் தட்டு என்றால் குறை இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிக்கடி வருவது இரண்டு.

ஒன்று, வினைல் பள்ளத்துக்குள் முழுசாக ஓடி நிரம்பாதது. ஒரு பக்க ஸ்பீக்கரில் துணி கிழிவது போல சர்ரென்று சில சுற்று கேட்கும். சாய்வெளிச்சத்தில் அந்த இடம் பொடிப்பொடியாக மின்னும். கழுவிப் பயனில்லை. அந்த மின்னலைப் படமெடுத்து உடனே திருப்பி அனுப்புங்கள்.

இரண்டு, நடுத்துளை விலகியது. ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடும். நீண்ட பியானோ சுரம் 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். துளை அரை மில்லிமீட்டர் விலகினால் உள்வட்டத்தில், 6 செ.மீ. ஆரத்தில், வேகம் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் கூடிக் குறையும். டிரம்ஸ் மட்டும் ஓடும்போது தெரியாது, மெதுவான பியானோ பாட்டு வந்ததும் தலைசுற்றும்.

* * *

கழுவும் கலவை கேட்டவருக்கு: காய்ச்சி வடித்த நீர் 800 மி.லி., ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபிலிம் கழுவ விற்கும் ஃபோட்டோ ஃப்ளோ 4 அல்லது 5 சொட்டு. சொட்டு கூடினால் பள்ளத்தில் படிந்து ஊசியில் வெள்ளையாக ஒட்டும். லேபிளை மூடிக்கொண்டு, மெல்லிய முடித் தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே 3 சுற்று. ஒரு நிமிடம் ஊறவிட்டு உறிஞ்சி எடுத்து, வெறும் காய்ச்சி வடித்த நீரால் மறுபடி ஒருமுறை. இந்த இரண்டாவது அலசலை விட்டுவிட்டுத்தான் பலர் "கழுவிய பிறகு சத்தம் கூடிவிட்டது" என்கிறார்கள். அழுக்கு கரைந்து அங்கேயே காய்ந்திருக்கும். 78 வேகத்து அரக்குத் தட்டில் இந்தக் கலவை படவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பெரிய எதிரி. காய்ந்த துணியால் துடைத்தால் வித்து பரவும், நனைத்தே எடுங்கள். பிவிசி மேலுறை வேண்டாம், அதிலிருந்து கசியும் இளக்கி தட்டில் புகைமூட்டம் போலப் படியும், போகாது. பாலிஎதிலீன் உறை போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், தட்டை அட்டைக்கு வெளியே தனி உறையில் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால், பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலும் தட்டின் விளிம்பு அட்டையின் அடித்தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.