மறுகெட்டிப்பா, புதுக்கலா? தோட்டா வேலைக்கான சொற்கள்

அன்புள்ள ஐயா, கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் புதுத் தோட்டா ஆக்குகிற வேலைக்கு நீங்கள் முன்வைத்த 'மறுகெட்டிப்பு' என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாகவே வருகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 'மருந்து கெட்டிச்சு வெச்சிருக்கேன்' என்றுதான் சொல்வார்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனாலும் இந்தச் சொல்லை ஏற்க மனம் வரவில்லை.

கடலூருக்குத் தெற்கே எங்கள் ஊர்த் திருவிழாவில் வேட்டுப் போடுவது சித்தப்பாவின் வேலை. இரும்புக் குழாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூளைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவார். அதற்குப் பெயர்தான் கெட்டிப்பது. ஒரு வருடம் இடித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்து, வலது கையில் 2 விரல்கள் போய்விட்டன. கெட்டித்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தக் கம்பி இடிக்கும் சத்தம்தான் கேட்கிறது. தோட்டா வேலையில் இடிப்பே கிடையாது. எடை பார்த்த மருந்தைப் புனல் வைத்துக் கூட்டுக்குள் விடுவார்கள், அவ்வளவுதான். புதிதாகக் கற்க வருபவரின் கைக்கு நம் சொல் தவறான வேலையைச் சொல்லிவிடக் கூடாது.

'மீள்நிரப்பல்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைப் போடுவதற்கும் அதே சொல் வந்து நிற்கும். அதனால் அதையும் விட்டுவிடலாம்.

நான் சொல்ல வருவது 'தோட்டா புதுக்கல்'. பழைய கோயிலைப் புதுக்கினார்கள் என்கிறோமே, அந்தப் புதுக்கல். இந்த வேலையில் பழையதாக மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். அடியில் இருக்கும் தீமூட்டி, மருந்து, குண்டு மூன்றும் புதிது. நிரப்புவது நடுவில் வரும் ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சொல் வேண்டும்.

யாருக்காக இத்தனை பாடு என்று கேட்டவர்களுக்கு: என் மைத்துனர் பிரான்சில் இருக்கிறார். அவர் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், புதுச்சேரி வழக்கில் 'சொல்தா'. மைத்துனர் அங்கே உரிமம் பெற்ற விளையாட்டுச் சுடுநர். அவருடைய சங்கத்தில் புதுச்சேரிக்காரர்களும் ஈழத்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் புதுக்கல் தொடங்க என்னென்ன கருவி வாங்க வேண்டும் என்று அவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அங்கே உரிமம் உள்ளவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்ட வேலை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும் என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

ஈழத்து நண்பர்கள் சுட்டு விழுந்த கூட்டைக் 'கோது' என்கிறார்கள். முட்டைக்கோது மாதிரி. கோது என்றால் கழிவு ஆயிற்றே என்று இங்கே ஒருவர் மறுத்திருந்தார். எனக்கு இரண்டும் வேண்டும். சுட்டு விழுந்தபடியே கிடப்பது கோது. அதைத் துடைத்து, விரிசல் பார்த்து, சுட்டதில் விரிந்ததைப் பழைய அளவுக்கு ஒடுக்கி வைத்தபின் அது கூடு. மேசையில் இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதால் பெயரே பிரித்துக் காட்டட்டும்.

அடியில் பொருத்தும் சிறு தீமூட்டிக்குப் 'பொட்டு' போதும். தீபாவளிக்குப் பொட்டு வெடி வெடித்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அடித்தால் பற்றிக்கொள்ளும் என்கிற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

கூட்டின் அடியில், பொட்டின் தீ உள்ளே போகும் துளையை வைத்து இரண்டு வகை உண்டு. பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் பெயரில் ஒன்று, பெர்டான் என்ற அமெரிக்கர் பெயரில் இன்னொன்று. விந்தை என்னவென்றால் ஆங்கிலேயருடையது அமெரிக்காவிலும், அமெரிக்கருடையது ஐரோப்பாவிலும் வேரூன்றியது. இந்தப் பெயர்களால் புதியவருக்கு ஒரு பயனும் இல்லை. 'ஒற்றைத்துளைக் கூடு', 'இரட்டைத்துளைக் கூடு' என்று வைத்தால் பார்த்ததும் தெரிந்துகொள்வார். பழைய பொட்டைத் தள்ளும் ஊசி நடுத்துளை வழியாகத்தான் போகும். இரட்டைத்துளைக் கூட்டில் நடுவில் துளை இல்லை, ஊசி உடையும்.

அப்புறம் முக்கியமான கருவி, கைப்பிடியை இழுத்துக் கூட்டை அழுத்தும் பிரஸ். பட்டறைக்காரர்கள் எல்லோரும் பிரஸ் என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். அதில் மாட்டும் 'டை'க்கு மட்டும் 'அச்சு' என்போம். முறுக்குக் குழலில் போடுவதும் அச்சுதானே. ஒரு நேரத்தில் ஒரே அச்சு மாட்டுவது ஒற்றையச்சுப் பிரஸ். அச்சுகள் பொருத்திய தலை சுழல்வது சுழலச்சுப் பிரஸ். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு முழுத் தோட்டா வெளியே வருவது தொடரச்சுப் பிரஸ். முதலில் வாங்க வேண்டியது ஒற்றையச்சுதான் என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார். அதில் ஒரு படியை எல்லாக் கூடுகளுக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவோம். அதனால் 50 கூடுகளில் மருந்து விட்டபின், அவற்றை அடுக்கிய தட்டை விளக்கொளியில் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு கூட்டில் இரண்டு முறை விழுந்திருந்தால் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

எடை அலகில் மட்டும் தயவுசெய்து தமிழாக்கம் வேண்டாம். மருந்தை நிறுக்கும் அலகான கிரெய்னைக் 'குன்றிமணி' எனலாம் என்று ஒரு கருத்து வந்தது. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். குன்றிமணியோ ஏறக்குறைய 0.12 கிராம். 5 கிரெய்ன் என்று இருப்பதை நகைக்கடை வழக்கம் தெரிந்தவர் 5 குன்றிமணியாக நிறுத்தால் 9 கிரெய்னைத் தாண்டிவிடும். அந்தத் தோட்டாவைச் சுடுபவரின் முகத்துக்கு அருகில்தான் துப்பாக்கி இருக்கும். கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும். மின்னணுத் தராசில் கிராம், கிரெய்ன் இரண்டும் இருப்பதால் எது ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லித் தனி வரியே எழுதியிருக்கிறேன்.

வெர்னியர் காலிபர், புனல், தராசு இவற்றில் தகராறு இல்லை.

ஒன்றில்தான் திணறுகிறேன். குண்டை அமர்த்தியபின் கூட்டின் வாயை அதன்மேல் இறுக்குவதற்குப் பிரெஞ்சில் உள்ள சொல், மோதிரத்தில் கல் பதிப்பதற்கும் அதே சொல். 'வாய் இறுக்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நகைப் பட்டறையில் கல்லைச் சுற்றி விளிம்பை மடக்குவதற்குத் தனியாக ஒரு பெயர் இருக்கும். ஐயா, உங்களுக்குத் தெரிந்த பத்தர் யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் கையேட்டில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து